பிள்ளையின் மனதை கமரா வாசிக்குமா?

வரிப்பத்தான்சேனை போன்ற ஒரு விவசாயக் கிராமத்துப் பாடசாலைக்கும் சீனாவின் ஹாங்சோ நகருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 2018 இல் அந்நகரின் 11 ஆம் இலக்க இடைநிலைப் பாடசாலை, வகுப்பறையில் கமரா பொருத்தி 30 செக்கன்களுக்கு ஒரு தடவை மாணவர்களின் முகத்தைப் படித்தது. மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம் என ஏழு வகையாகப் பிரித்து, யார் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று ஆசிரியருக்கு அறிவித்தது. எங்கள் பாடசாலைகளுக்கும் "ஸ்மார்ட் வகுப்பறை" என்ற பெயரில் பொதிகள் வருகின்றன. அவற்றுள் என்ன இருக்கிறது என்பதை பெற்றார் அறிந்திருக்க வேண்டும்.

இங்கே இரண்டு விடயங்கள் கலக்கப்படுகின்றன. டெப்லட்டில் பிள்ளை பயிற்சி செய்கிறது; பின்ன வகுத்தலில் மூன்று முறை பிழைத்தது என்று கணினி காட்டுகிறது. இது பயனுள்ளது. நாற்பது கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியருக்குப் பெரிய ஆறுதலும்கூட. ஆனால் முகத்தைப் பார்த்து மனதைச் சொல்வது வேறு கதை.

2019 இல் உளவியலாளர் லிசா பெல்ட்மன் பரெட் தலைமையிலான குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்தது. முகச்சுழிப்பு எப்போதும் கோபமல்ல, சிரிப்பு எப்போதும் மகிழ்ச்சியல்ல என்பதே அதன் முடிவு. ஆழ்ந்து யோசிக்கும் பிள்ளையும் நெற்றியைச் சுருக்கும்தானே! 2022 இல் மைக்ரோசொப்ட் நிறுவனமே தனது முகப் பகுப்பாய்வுச் சேவையிலிருந்து உணர்வை ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 பெப்ரவரி 2 முதல், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, கல்வி நிலையங்களில் இதனைத் தடைசெய்துள்ளது.

சுபஹுக்கு எழும்பி, குர்ஆன் மத்ரஸாவுக்குப் போய், அறுவடைக் காலமென்றால் வீட்டு வேலையும் செய்துவிட்டு வரும் பிள்ளை மேசையில் சாய்ந்தால் கமரா "கவனமில்லை" என்று பதியும். வாப்பா கட்டாருக்குப் போய் ஒரு கிழமைதான் ஆகிறது என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். கமராவுக்கு எப்படித் தெரியும்?

எமது நாட்டின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவை விசேட வகையாகக் கருதுகிறது. அதன் முக்கிய ஏற்பாடுகள் நடைமுறைக்கு வருவதோ பிற்போடப்பட்டது. ஆகவே இப்போதைக்கு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றாரே கேட்க வேண்டியிருக்கிறது: கமரா எதைப் பதிகிறது, அந்தப் பதிவு எங்கே, யாரிடம் இருக்கும், பிள்ளை பாடசாலையை விட்டு விலகிய பின் அழிக்கப்படுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.