பல்நோவும் முரசு நோவும்: வைத்தியரிடம் செல்லும்வரை வீட்டிற் செய்யத்தக்கவை

பெரும்போக நெல் விளைந்து, அறுவடை இயந்திரம் வயலுக்கு வரும் நாளும் குறிக்கப்பட்ட பின்னர்ப் பல்நோ தொடங்குமாயின், கமக்காரர் பலர் வைத்தியசாலைக்குச் செல்வதில்லை. “அரிவு வெட்டு முடியட்டும்” என்று கராம்பொன்றைக் கடித்துக்கொண்டு வயலுக்கே செல்வர். சில நாட்களில் நோ தானாகவே நின்றுவிடுதலும் உண்டு. நோய் மாறிற்று என எண்ணியிருக்கும் வேளையிற் கன்னம் வீங்கி, வாய் திறக்க இயலாத நிலை ஏற்படலாம்.

வரம்பிலே நண்டு துளைத்த பொந்தை அன்றே ஒரு பிடி சேற்றால் அடைத்துவிடலாம். அடையாது விட்டால் நீர் அதனைப் பெருப்பித்து வரம்பையே உடைத்துவிடும். பல்லில் விழும் குழியும் இத்தகையதே.

நோவின் காரணம்

பற்களில் ஒட்டியிருக்கும் கிருமிகள், நாம் உண்ணும் இனிப்பையும் மாப்பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலுறையாகிய மிளிரியைக் கரைத்துக் குழியாக்குகின்றது. குழி உள்ளிருக்கும் நரம்பை எட்டும்போது கடும் நோ உண்டாகும். நரம்பு இறந்தால் நோ நின்றுவிடும். கிருமிகளோ வேரின் வழியே தாடையெலும்பை அடைந்து சீழ் கட்டச் செய்யும். ஆகவே நோ நின்றமை சுகம் அடைந்தமைக்கு அடையாளமன்று.

முரசு வீங்குதலும், பல் துலக்கும்போது இரத்தம் கசிதலும் பல்லடியிற் படியும் அழுக்கினாலும் காறையினாலும் பெரும்பாலும் உண்டாவன. நீரிழிவு உள்ளவர்க்கு இது விரைவிற் கடுமையாகும்.

வீட்டிற் செய்யத்தக்கவை

1. ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வாயில் அரை நிமிடம் வைத்துக் கொப்பளித்துத் துப்புக. நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். முரசு நோவுக்கும் இது ஏற்றது.

2. பல்லிடுக்கிற் சிக்கிய உணவை நூலினால் மெதுவாக எடுத்துவிடுக.

3. கராம்பிலுள்ள யூஜினோல் என்னும் பொருள் நரம்பைச் சிறிது நேரம் மரக்கச் செய்யும். கராம்பெண்ணெய் ஒரு துளியைச் சிறிது தேங்காயெண்ணெயிற் கலந்து, பஞ்சில் தோய்த்துப் பல்லின் மேல் வைக்கலாம். கலவாத எண்ணெய் முரசைப் புண்ணாக்கும். அதனை விழுங்குதலாகாது, சிறு பிள்ளைகளுக்கு இடுதலும் ஆகாது.

4. கன்னம் வீங்கியிருப்பின், துணியிற் சுற்றிய பனிக்கட்டியை வெளிப்புறமாகக் கால்மணி நேரம் ஒற்றுக. உறங்கும்போது தலையை உயர்த்தி வைத்தல் நோவைக் குறைக்கும்.

5. வளர்ந்தோர் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் குளிசை இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உட்கொள்ளலாம். ஒரு நாளில் எட்டுக் குளிசைகளுக்கு மேற்படலாகாது. ஈரல் நோயாளரும் மதுப்பழக்கம் உடையோரும் முதலில் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். காய்ச்சலும் இருப்பின் அஸ்பிரினைத் தவிர்க்க. டெங்குக் காய்ச்சலாயின் அது இரத்தப்போக்கை உண்டாக்கும்.

செய்யத்தகாதவை

மண்ணெண்ணெய், பற்றரி அமிலம், பூச்சிகொல்லி ஆகியவற்றைப் பற்குழியில் இடுதல் உயிருக்கே ஆபத்தாகும். மருந்து தெளித்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் வாயில் வைத்தலும் தீது. அஸ்பிரின் குளிசையை முரசில் அடக்கி வைத்தால் அவ்விடம் வெந்து புண்ணாகும். நோவை மறக்கப் புகையிலையை அடக்குதலும், முன்பு எஞ்சிய கிருமிகொல்லி மருந்தைத் தாமாகவே உட்கொள்ளுதலும் தவறு.

தாமதியாது செல்லவேண்டிய தருணங்கள்

நோ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலும், வீக்கமோ சீழோ காய்ச்சலோ கண்டாலும் அரசினர் வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குச் செல்க. அங்கு சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ இயலாவிடின் அது உயிராபத்து. இரவாயினும் 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் வண்டியைப் பெறுக.

வெற்றிலை போடுவோர் வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெண்படலம், வாய் விரிய மறுத்தல் ஆகியன கண்டால் உடனே காட்டுதல் வேண்டும். பாக்குத் தனித்தும் புற்றுநோயை விளைவிக்கும். இலங்கையின் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே.

வருமுன் காத்தல்

உமிக்கரியினாற் பல் தேய்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. உமியிலுள்ள சிலிக்கா மிளிரியைத் தேய்த்துவிடும். புளோரைட்டு உள்ள பற்பசையைக் கொண்டு, மென்மையான தூரிகையாற் காலையிலும் படுக்குமுன்னும் துலக்குக. முரசில் இரத்தம் கசிந்தாலும் துலக்குதலை நிறுத்தலாகாது. வயலிற் பலமுறை பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் பருகுவோர், ஒவ்வொரு முறையும் நீரால் வாயைக் கொப்பளித்தல் நன்று.

குழி சிறிதாயிருக்கும்போது சென்றால் ஒரு காலைப்பொழுதில் அடைத்துக்கொண்டு திரும்பலாம், பல்லும் நிலைக்கும். அரிவு வெட்டு முடியட்டும் என்று காத்திருப்பவர், பல்லை மட்டுமன்றி அரிவு வெட்டு நாட்களையும் இழக்க நேரிடும்.