வளவில் தேனீப் பெட்டி

முள்ளியவளையில் வீட்டு வளவிலே தேனீ வளர்க்க விரும்பும் கமக்காரர், எத்தனை போத்தல் தேன் கிடைக்கும் என்றே முதலிற் கேட்பர். பெட்டியின் வாயில் எத்திசையை நோக்கியிருத்தல் வேண்டும் என்பதே முதலிற் கேட்கத்தக்கது.

தேனீக்கள் வாயிலுக்கு நேரே ஒரே வழியாகப் பறந்து செல்வன. அவ்வழி ஒழுங்கையையோ அயலாரின் கிணற்றடியையோ ஊடறுக்குமாயின், கொட்டு வாங்குவோர் பிள்ளைகளும் தண்ணீர் அள்ள வருவோருமே. நியூயோர்க் நகரம் 2010ஆம் ஆண்டில் தேனீ வளர்ப்புத் தடையை நீக்கியபோதும், பெட்டிகளைப் பதிதல் வேண்டுமென விதித்தது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில், எல்லையருகே பெட்டி வைப்போர் ஆறடி உயரத் தடுப்பு அமைத்தல் வேண்டும். தேனீக்கள் தடுப்பின்மேல் எழுந்து மனிதர் தலைக்கு மேலாகச் செல்லும். நம் கிடுகுவேலி உயரமாகவும் அடர்த்தியாகவும் இருப்பின் அதுவே போதும். தகரம் வாங்கிச் செலவழிக்க வேண்டுவதில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுத் தொல்லைகளைத் தடுக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்கு அளித்துள்ளது. ஆகவே கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையில் விசாரித்த பின்னரே பெட்டி வைத்தல் நன்று. பெட்டியை வாங்கிய பின் விசாரிப்பவரே நம்மில் அதிகம்!

சோளகக் காலத்தில் நீர் வற்றும்போது தேனீக்கள் அயலாரின் தொட்டியை நாடும். பெட்டியருகே சிரட்டையில் நீர் வைத்து, அமர்வதற்குச் சிறு கற்களும் இடுக. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை செல்லும் மக்கள் வீதியில் நிறையும் நாட்களிற் பெட்டியைத் திறத்தல் ஆகாது.

இனி அயலார் செய்ய வேண்டியதும் உண்டு. பூசணிப்பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்தாலன்றிக் காய் பிடியாது. அந்நேரத்திற் பூச்சிமருந்து தெளிப்பவர், பெட்டிக்காரரின் தேனீயோடு தம் காயையும் இழக்கின்றார். நெல் தேனீயை நம்பி விளைவதன்று. ஆயினும் முற்பகலில் விரியும் நெற்பூவில் மகரந்தம் சேர்க்கத் தேனீக்கள் வருவதுண்டு. எனவே வயலாயினும் தோட்டமாயினும் மாலையில், தேனீக்கள் பெட்டி திரும்பிய பின் தெளித்தலே தகும்.

தெளிக்கும் நாளை முதல்நாளே அயலார் அறிவிப்பாராயின், பெட்டிக்காரர் இரவில் வாயிலைக் கம்பிவலையால் அடைத்து வைக்கலாம். அடைத்த பெட்டி நிழலில் நிற்றல் வேண்டும். வெய்யிலில் நின்றால், மருந்துக்குத் தப்பிய தேனீக்கள் வெப்பத்தால் மடியும்.