பயந்துகொண்டு சொல்லித் தரும் கணக்கு

பிரதம் அமைப்பின் 'அசர்' கணக்கெடுப்பு 2022-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு கொடுத்துப் பார்த்தது. இரண்டு இலக்கம், கடன் வாங்கிக் கழிக்க வேண்டும். போடத் தெரிந்தவர்கள் 11.2 சதவீதம். 2018-இல் அது 25.9. பள்ளிகள் மூடிக் கிடந்த கொரோனா காலத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு. இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்ற திட்டங்களோடு மாநில அரசு இறங்கியபின் 2024-இல் நிலைமை தேறியது. ஆனாலும் அந்த ஆண்டு நாடு முழுக்கக் கிராமப்புறத்தில் இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் 33.7 சதவீதம்தான்.

அப்படியானால் வீட்டிலேயே உட்கார வைத்துச் சொல்லித் தருவோம் என்று வெம்பாக்கம் பக்கத்தில் பட்டு நெய்யும் பெற்றோர் நினைப்பது நியாயம். அங்கேதான் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 438 பேரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. கணக்கென்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த ஆண்டு கற்றது குறைவு. கணக்குப் பயம் அதிகம். பதற்றம் இருந்தும் அதிகம் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு இல்லை.

நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி நோட்டைத் திறக்கும் அப்பாவிடம் பொறுமை மிஞ்சியிருக்காது. 52-இல் 27 போனால் 35 என்று மகள் எழுதியிருப்பாள். "இதுகூடத் தெரியலையா?" என்று குரல் உயரும். அந்த 35 சோம்பலில் வந்ததல்ல. 2-இல் 7 போகாது. அதனால் 7-இல் 2 போக 5, பிறகு 5-இல் 2 போக 3. தப்பான வழிதான், ஆனால் யோசித்துப் போட்டது. "எப்படிம்மா போட்டே?" என்று கேட்டால் உடனே தெரிந்துவிடும். குட்டினால் தெரியாது; நாளைக்கு அவள் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதிவிடுவாள்.

இன்னொரு நம்பிக்கையும் ஏமாற்றும். "கடைக்கு அனுப்பினா சில்லறையைச் சரியா வாங்கிட்டு வருது, கணக்கு தானா வந்துடும்." பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளைச் சோதித்து 2025-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சிக்கலான விற்பனைக் கணக்கை மனதிலேயே போட்ட பிள்ளைகள், பள்ளிக் கணக்காகத் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். சந்தையில் வேலை பார்க்காத பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வராது. இரண்டையும் யாராவது சேர்த்துக் காட்ட வேண்டும்.

பட்டு நெய்யும் வீட்டில் அதற்கு வழி இருக்கிறது. பிள்ளையைத் தறியில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று எண்ணினால் போதும். சேலையில் 52 புட்டா விழவேண்டும், 27 விழுந்தாச்சு, மிச்சம் எத்தனை? 25 என்று வாயால் சொல்லிவிடுவாள். அதையே நோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் போடச் சொல்லுங்கள். அங்கே 35 வந்தால் திருத்தாதீர்கள். இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சரி என்று அவளையே கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். அதற்குள் உங்களுக்கே படபடப்பு வந்தால் அன்றைக்கு நோட்டை மூடிவிடுங்கள்.