வெயில் இல்லாத இடத்தில் சூடு ஏறுமா?



எங்கப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். 2019-ல் தென்துருவ ஓசோன் ஓட்டை ரொம்பச் சுருங்கியது என்று ஒரு பழைய பேப்பரில் பார்த்துவிட்டு, "ஓட்டை அடைஞ்சுக்கிட்டு வருதுப்பா" என்றேன். அவரும் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் "எம்மவன் சொன்னான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். பிறகுதான் நூலகத்தில் படித்தேன். 2020-ல் அது மறுபடி பெரிதாகிவிட்டதாம்! ஏன் இப்படி?

துருவத்தில் குளிர்காலம் முழுக்க இருட்டு. தரைக்கு மேலே 15 முதல் 50 கி.மீ. வரை ஒரு பெரும் காற்றுச் சுழல் துருவத்தைச் சுற்றி ஓடுகிறது. வெளியிலுள்ள சூடான காற்றை அது உள்ளே விடாது. உள்ளே வெப்பநிலை மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே போனால் மெல்லிய மேகங்கள் உண்டாகும். பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த சி.எஃப்.சி. வாயுவிலிருந்து வந்த குளோரின், அந்த மேகத் துகள்களின் மேல்தான் வீரியம் பெறுகிறது. வசந்தத்தில் வெயில் வந்ததும் ஓசோனை அழிக்கிறது.

ஆனால் எல்லா வருஷமும் ஒரே குளிர் இல்லை. மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் காற்றில் பெரிய அலைகளை எழுப்புகின்றன. அவை மேலே போய் உடையும்போது சுழல் தளர்கிறது. துருவத்தின் மேலுள்ள காற்று கீழே இறங்கி, அழுத்தப்பட்டுச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அதே கதைதான்! சில நாட்களிலேயே 40, 50 டிகிரி கூட ஏறிவிடும். சூரியனே தேவையில்லை. 1952-ல் இதை முதலில் கண்டறிந்தவர் பெர்லினில் இருந்த ரிச்சர்ட் ஷெர்ஹாக்.

வடக்கே இமயமலை, ராக்கி மலை எல்லாம் இருப்பதால் அலைகளும் பலமானவை. அங்கே பத்துக் குளிர்காலங்களில் ஐந்தாறு முறை இப்படி நடக்கிறது. நடக்காத ஆண்டுகளில், உதாரணமாக 2011, 2020-ல், அங்கேயும் ஓசோன் பெருமளவு அழிந்தது. தென்துருவத்தைச் சுற்றிலும் கடல், அலைகள் பலவீனம். அதனால் அங்கே இது அபூர்வம். 2002-ல் சுழலே இரண்டாகப் பிளந்தது, ஓட்டையும் சுருங்கியது. அடுத்த வருஷமே மறுபடி பெரிசாயிடுச்சு. 2019-ல் நடந்ததும் இப்படி ஒரு திடீர்ச் சூடுதான். குளோரின் அப்படியேதான் இருந்தது!

1987-ன் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு குளோரின் மெதுவாகக் குறைந்து வருவது உண்மை. தென்துருவ ஓசோன் 1980-ன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அதைப் பல வருஷக் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அப்பாவிடம் போய் "நான் சொன்னது தப்புப்பா" என்றேன். பம்ப்பைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "ஒரு தடவ காத்து நின்னுச்சுன்னா பஞ்சர் இல்லேன்னு சொல்லிருவியாடா?" என்றார்.

லேபில் ஒரே ரீடிங்கோடு ரெக்கார்டை முடிக்கும் நண்பர்களே, நாம் சொல்வதை நம்ப வீட்டில் ஆள் இருக்கிறார்கள். இன்னொரு ரீடிங் எடுப்போமே!