இரவுப் பயணமும் வாகனத்தின் பின்விளக்குகளும்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் பயணம் பல வேளைகளில் விடியலுக்கு முன்போ இருட்டிய பின்னரோ அமைகிறது. அப்போது உங்கள் பாதுகாப்பு, பின்னால் வருபவர் உங்கள் வாகனத்தை எவ்வளவு தொலைவில் காண்கிறார் என்பதையும் சார்ந்துள்ளது.

பின்விளக்கு ஏன் இன்றியமையாதது?

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. தடையைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் 33 மீட்டர் கடந்துவிடும். வாகனம் முழுமையாக நிற்க, உலர்ந்த சாலையிலும் மேலும் 30 மீட்டருக்கு மேல் தேவை. விளக்கின்றி நிற்கும் வாகனம் இத்தொலைவிற்குள் நெருங்கிய பிறகே கண்ணில் படக்கூடும். எரியும் பின்விளக்கோ வெகு தொலைவிலேயே தெரியும்.

எந்த விளக்கு எதை உணர்த்துகிறது?

• சிவப்புப் பின்விளக்கு: முன்னே வாகனம் உள்ளது.
• பிரேக் விளக்கு: வேகம் குறைகிறது. இது பின்விளக்கைவிடப் பிரகாசமானது.
• இண்டிகேட்டர்: வாகனம் திரும்பவுள்ளது. எல்லா இண்டிகேட்டர்களும் சேர்ந்து சிமிட்டினால் எச்சரிக்கை.
• பிரதிபலிப்பான்: மின்சாரமின்றி, பிறர் விளக்கொளியைத் திருப்பி அனுப்பும். சேறு படிந்தால் பயன் குறையும்.

சில கார்களில் பகல்நேர விளக்குகள் முன்புறம் மட்டுமே எரியும். எனவே இருட்டியதும் முகப்பு விளக்கைப் போடுங்கள். பின்விளக்கும் உடன் எரியும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு

கண்புரை உள்ளவர்களுக்கு எதிரொளி கூச்சம் தரும். மங்கலான பொருள்கள் தெளிவாகத் தெரியா. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இட்ட பின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். அந்நேரத்தில் வாகனம் ஓட்டாதீர்கள்.

புறப்படும் முன்

• ஒருவரைப் பின்னால் நிற்கச் செய்து எல்லா விளக்குகளையும் சரிபாருங்கள்.
• விளக்குகளையும் பிரதிபலிப்பானையும் துடையுங்கள்.
• பின்புறம் கட்டிய சக்கர நாற்காலியோ மூட்டையோ அவற்றை மறைக்கலாகாது.

வழியில் வாகனம் நின்றுவிட்டால்

எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, இயன்றவரை சாலையின் ஓரத்திற்குக் கொண்டுசெல்லுங்கள். அனைவரும் சாலையை விட்டு விலகி நில்லுங்கள். வாகனத்தின் பின்னால் நிற்காதீர்கள். நோயாளியை இறக்க இயலாவிடில் உடனே 108-ஐ அழைத்து, இருக்கும் இடத்தைத் தெளிவாகக் கூறுங்கள்.

பின்புறம் மோதப்பட்டால்

கழுத்து வலி சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். கடும் கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல், வலுவிழத்தல் ஆகியவை இருந்தால் கழுத்தை அசைக்காமல் உடனே மருத்துவ உதவி பெறுங்கள்.