ஒரே தளத்திற்கு இரண்டு பெயர்

என் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பிறப்புப் பத்திரத்தில் நீளமான பெயர். வீட்டில் எல்லாருக்கும் அவள் 'பாப்பா'. எப்படி அழைத்தாலும் வருவது ஒரே ஆள்தான். இணையத்தளங்களுக்கும் இப்படிச் செல்லப்பெயர் வைக்கலாம்.

மாணவர்களே, இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது எண்களால். 192.0.2.10 போன்ற அந்த எண்ணை ஐபி முகவரி என்கிறோம். தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் ஒரே கோப்பில் பராமரிக்கப்பட்டன. கணினிகள் பெருகியதும் அந்த ஒரு கோப்பு போதவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் எனும் களப்பெயர் முறைமையை வடிவமைத்தார். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் உலகளாவிய பெயரேடு அது.

அந்தப் பெயரேட்டில் பல வகைப் பதிவுகள் உண்டு. 'ஏ' பதிவு, பெயருக்கு நேராக எண்ணைத் தரும். 'சிநேம்' பதிவு எண்ணைத் தராது. "இது செல்லப்பெயர், உண்மைப் பெயர் இன்னொன்று" என்று அந்தப் பெயரைக் காட்டும்.

பள்ளி அறிவியல் கழகத்தின் தளம் கழகம்.எக்சாம்பிள்.காம் என்று வைத்துக்கொள்வோம். பக்கங்கள் இருப்பதோ ஒரு வாடகை சர்வரில். அதன் பெயர் சர்வர்5.எக்சாம்பிள்.நெட். நீங்கள் முதல் பெயரைத் தட்டியதும், சிநேம் பதிவு இரண்டாவது பெயரைச் சொல்கிறது. இரண்டாவது பெயரின் 'ஏ' பதிவு எண்ணைச் சொல்கிறது. உலாவி அந்த எண்ணுக்குச் செல்கிறது.

இந்தச் சுற்றுவழி எதற்கு? நாளை நிறுவனம் சர்வரின் எண்ணை மாற்றினால், தன் 'ஏ' பதிவை மட்டும் திருத்தினால் போதும். அதைச் சுட்டும் நூறு பள்ளிகளும் எதையும் தொட வேண்டாம்.

இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். ஒன்று, முகவரிப் பட்டையில் நீங்கள் தட்டிய பெயரே நிற்கும். சிநேம் அதை மாற்றாது. இரண்டு, சிநேம் உள்ள பெயருக்கு மின்னஞ்சல் பதிவு போன்ற வேறு வழக்கமான பதிவுகள் இருக்கக்கூடாது. எக்சாம்பிள்.காம் போன்ற தலைமைப் பெயருக்குக் கட்டாயமான வேறு பதிவுகள் இருப்பதால், அதற்குச் சிநேம் வைக்க முடியாது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கழகம் வாடகைக் கணக்கை மூடிவிட்டு, சிநேம் பதிவை அழிக்க மறந்தால் என்ன ஆகும்? சில நிறுவனங்களில், கைவிடப்பட்ட சர்வர் பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு மோசடிக்காரர் எடுத்துக்கொண்டால், பள்ளியின் பெயரில் அவருடைய பக்கம் திறக்கும். போலி நுழைவுப் பக்கம் வைத்து உங்கள் கடவுச்சொல்லையே கேட்கலாம். முகவரிப் பட்டையில் பள்ளியின் பெயர் இருப்பதால் நீங்களும் நம்பிவிடுவீர்கள்! ஆகவே, முதலில் சிநேம் பதிவை அழிக்க வேண்டும். பிறகுதான் கணக்கை மூட வேண்டும்.

செய்து பாருங்கள்: விண்டோஸ் கணினியின் கட்டளைத் திரையில் 'என்எஸ்லுக்அப்' கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, உங்களுக்குப் பிடித்த தளத்தின் பெயரைக் கொடுங்கள். விடையில் 'ஏலியசஸ்' என்ற வரி வந்தால், நீங்கள் தட்டியது செல்லப்பெயர். அதற்கு மேலே 'நேம்' என்ற வரியில் இருப்பதே உண்மைப் பெயர்.