இழுத்தால் அகலமாகும் ரப்பர்!

ஒரு ரப்பர் பட்டையை எடுத்து இழுத்துப் பாருங்கள். என்ன ஆகிறது? நீளம் கூடுகிறது, அகலம் குறைகிறது.

பிசைந்த மாவும் அப்படித்தான். பனியன் துணியும் அப்படித்தான். ஒரு பக்கம் இழுத்தால், மறு பக்கம் ஒடுங்கும்.

ஆனால், இழுத்தால் அகலமாகும் ரப்பரும் உண்டு! நீளமும் கூடும், அகலமும் கூடும். இதில் மாயம் இல்லை, மந்திரம் இல்லை. எல்லாம் கத்தி செய்யும் வேலை!

பாய்சான் கணக்கு

ஒரு பொருள் நீளும் போது எவ்வளவு ஒடுங்கும்? இதற்கு ஒரு கணக்கு உண்டு. அதற்குப் "பாய்சான் விகிதம்" என்று பெயர். பாய்சான் (1781-1840) பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை.

ரப்பர் ஒரு சதவீதம் நீண்டால், ஏறக்குறைய அரை சதவீதம் ஒடுங்கும். பாட்டில் மூடும் தக்கையோ ஒடுங்குவதே இல்லை எனலாம். ஒடுங்குவதற்குப் பதிலாக விரிந்தால்? அது கண்ணில் படுவது மிக அபூர்வம்.

1987-ம் ஆண்டில் ரோடெரிக் லேக்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி அப்படி ஒரு பொருளைச் செய்து காட்டினார். பஞ்சு போன்ற நுரை ரப்பரை எல்லாப் பக்கமும் அமுக்கினார். சூடேற்றி, ஆற வைத்தார். அதற்குள் இருந்த சிறு அறைகளின் சுவர்கள் உள் பக்கமாக மடிந்தன. பிறகு இழுத்தால், நுரை பருத்தது!

கட்டங்கள் சுற்றுகின்றன

2000-ம் ஆண்டில் கென் எவன்ஸ், ஜோசப் கிரிமா என்ற இரு விஞ்ஞானிகள் இன்னொரு வழி சொன்னார்கள். சதுரக் கட்டங்களை மூலைக்கு மூலை சேர்த்து வைத்தால் போதும் என்றார்கள்.

கிரிமா, மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா என்ற சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்தவர். 2010-ம் ஆண்டில் அவரும், ரூபன் காட் என்பவரும் அதைச் சுலபமாக்கினார்கள். கட்டங்களைச் சேர்க்க வேண்டாம். ஒரே ஷீட்டில் ஒழுங்காகத் துவாரம் போட்டால் போதும்!

வீட்டிலேயே பார்க்கலாம்

ஒரு மெல்லிய ரப்பர் ஷீட்டில் 2 செ.மீ. சதுரக் கட்டங்கள் போடுங்கள். சதுரங்கப் பலகை போல இருக்கும். கோடுகள் சந்திக்கும் இடங்களில் பிளேடால் வெட்ட வேண்டும். வெட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும்.

முதல் சந்திப்பில் குறுக்கு வெட்டு. பக்கத்துச் சந்திப்பில் நெடுக்கு வெட்டு. அடுத்ததில் மறுபடியும் குறுக்கு. மேலும் கீழும் இப்படியே மாறி மாறி வர வேண்டும்.

ஒவ்வொரு வெட்டும் மூன்றரை செ.மீ. நீளம். சந்திப்பு அதன் நடுவில் இருக்க வேண்டும். ஒரு வெட்டின் முனை, பக்கத்து வெட்டைத் தொடக் கூடாது. இடையே கால் செ.மீ. ரப்பர் மிஞ்ச வேண்டும்.

இப்போது ஷீட்டை இழுங்கள்! கட்டங்கள் மூலையில் மட்டுமே ஒட்டிக் கொண்டிருக்கின்றன. ஆகவே அவை திரும்புகின்றன. ஒன்று வலப் பக்கம் திரும்பினால், அடுத்தது இடப் பக்கம் திரும்பும், பல் சக்கரங்கள் போல! திரும்பும் கட்டம் பக்கத்துக் கட்டத்தைத் தள்ளுகிறது. வெட்டுகள் கண் திறக்கின்றன. நீளமும் அகலமும் சேர்ந்து கூடுகின்றன.

கணக்குப்படி, 10 செ.மீ. சதுர ஷீட் 14 செ.மீ. சதுரம் வரை விரியலாம். பரப்பு இரண்டு மடங்கு! ரப்பர் கூடவில்லை. கூடியது எல்லாம் ஓட்டைதான்.

இன்னொரு ஷீட்டில் எல்லா வெட்டுகளையும் ஒரே பக்கமாக, வரிசைக்கு வரிசை விலக்கி வெட்டுங்கள். வெட்டுக்குக் குறுக்கே இழுத்தால், அது வலை போல நீண்டு ஒடுங்கும். அதே ரப்பர், அதே பிளேடு. வெட்டின் திசைதான் வேறு!

எங்கே நிறுத்துவது?

வெட்டு நீளமானால், மூலையில் மிஞ்சும் ரப்பர் மெலியும், கிழிந்து விடும். வெட்டு குட்டையானால் மூலை தடித்து, கட்டம் திரும்பாது. கிழிசல் எப்போதும் வெட்டின் முனையில்தான் தொடங்கும். அதனால் முனையைக் கூராக விடாமல், வட்டமாக அமைப்பது உண்டு.

இதயத்துக்கு ஒட்டு

இவ்வளவு பாடு எதற்கு? மாரடைப்பு வந்தால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப் போகிறது. அங்கே தழும்பு விழுகிறது. அதன் மேல் ஒட்டுப் போடலாமா என்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள்.

ஆனால் இதயம் சும்மா இருக்குமா? ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து சுருங்குகிறது. ஒரு பக்கம் விரியும் போது மறு பக்கம் ஒடுங்கும் ஒட்டு, இதயத்தோடு இசைந்து போகாது.

2018-ம் ஆண்டில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், இழுத்தால் அகலமாகும் ஒட்டு ஒன்றைச் செய்தார்கள். இறால், நண்டு ஓடுகளில் இருந்து கிடைக்கும் சிட்டோசானுடன், மின்சாரம் கடத்தும் பொருளைச் சேர்த்தார்கள். லேசர் ஒளியால் அதில் நுண்ணிய துவாரங்கள் போட்டார்கள். இங்கே சதுரக் கட்டம் இல்லை. துவாரங்கள் இடுப்பு ஒடுங்கிய உடுக்கை வடிவம்.

அதை எலியின் இதயத்தில் பொருத்தினார்கள். இதயத்தின் வேலைக்கு இடைஞ்சல் நேரவில்லை!

கத்தி பட்டால் பொருள் பாழ் என்றுதான் நினைப்போம். இங்கே, வெட்டினால்தான் ஒட்டு உதவுகிறது!